மார்மன் சபையில் 'உறுப்பினர்' என்றால் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஏழு வருடம் குடியிருந்தேன். இடது பக்கத்து வீடு, எதிர் வீடு, பிள்ளைகளின் சிநேகிதர்கள் வீடு, எல்லாமே மார்மன் குடும்பங்கள். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவள் இல்லை, சேரவும் இல்லை. ஆனால் அவர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அவர்கள் துக்க வீட்டிலும் நின்றிருக்கிறேன். அங்கே வேலைக்குப் போகிற தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அவர்களைப் பற்றி நம்மவர்கள் செய்கிற பெரிய தவறு, சபைப் பதிவேட்டில் பெயர் இருக்கிற எல்லோரையும் ஒரே மாதிரி நினைத்துக்கொள்வதுதான். பதிவேடு ஒன்று, வாழ்க்கை இன்னொன்று. இடையில் பல படிகள் இருக்கின்றன.

'மார்மன்' என்று சொல்லலாமா?

சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. தலைமையகம் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி. மார்மன் புஸ்தகம் என்ற வேதநூலை வைத்துத்தான் ஊரார் 'மார்மன்' என்று பெயர் வைத்தார்கள். 2018ல் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன், இனி முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதனால் நேரில் பேசும்போது அந்த வார்த்தையைத் தவிர்ப்பது மரியாதை. இந்தப் பக்கத்தில், தமிழில் வேறு பழக்கமான சொல் இல்லாததால், மார்மன் என்றே எழுதுகிறேன்.

ஜோசப் ஸ்மித் வழியிலிருந்து பிரிந்த வேறு சபைகளும் உண்டு. மிசௌரியில் தலைமையகம் உள்ள 'கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட்' ஒன்று. இன்றும் பலதார மணம் செய்யும் சிறு குழுக்கள் வேறு. யூட்டா சபை 1890ல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று அங்கே இரண்டாம் மனைவி கட்டினால் உறுப்பினர் நிலையே போய்விடும். கீழே சொல்வதெல்லாம் யூட்டா சபையைப் பற்றி மட்டும்.

பிறந்ததுமே உறுப்பினர் ஆகிவிடுவார்களா?

பாதி ஆம். குழந்தை பிறந்த சில வாரங்களில் சபைக் கூட்டத்தில் அப்பாவும் சில ஆண்களும் வட்டமாக நின்று, குழந்தையைக் கைகளில் ஏந்திப் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பார்கள். அன்றே பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். ஆனால் அது ஞானஸ்நானம் ஆகாது. சின்னக் குழந்தைக்குப் பாவம் கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை.

எட்டு வயதில்தான் ஞானஸ்நானம். வெள்ளை உடுப்பு போட்டு, இடுப்பளவு தண்ணீரில் இறக்கி, முழுசாக முக்கி எடுக்க வேண்டும். ஒரு கால் விரலோ பாவாடை நுனியோ தண்ணீருக்கு மேலே மிதந்தால் மறுபடியும் முக்குவார்கள். என் மகளின் சிநேகிதிக்கு அப்படித்தான் நடந்தது. ஜடை மேலே நின்றுவிட்டது என்று இரண்டாவது முறை இறங்கினாள். அப்பாதான் முக்கினார். ஈரத்தோடு மேலே ஏறியதும் அம்மா துண்டைப் போர்த்தி இறுக்கிக் கட்டிக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நாள் எவ்வளவு பெரிய நாள் என்பதை அன்றைக்குப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்புறம் தலையில் கை வைத்து 'பரிசுத்த ஆவி வரம்' கொடுப்பார்கள். அதோடு முழு உறுப்பினர். வளர்ந்தவர்கள் சேர்வதும் இதே வழியில்தான், முதலில் மிஷனரிகளிடம் பாடம் கேட்டு, நேர்காணல் முடித்திருக்க வேண்டும்.

ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் பேர் என்கிறார்களே, யார் யாரையெல்லாம் எண்ணுகிறார்கள்?

2024 முடிவில் சபை வெளியிட்ட கணக்கு அது, 1.75 கோடி. உலகம் முழுவதும் முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட சபைக்கூடல்கள். எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது பதிவேட்டின் எண் என்பதை மறக்கக் கூடாது.

அதில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆசீர்வாதம் பெற்று இன்னும் எட்டு வயது ஆகாத குழந்தைகள் இருக்கிறார்கள். மனவளர்ச்சி குறைபாட்டால் ஞானஸ்நானம் தேவையில்லை என்று கருதப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஒன்பது வயதாகியும் ஞானஸ்நானம் எடுக்காத பிள்ளைகளை இந்த எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். ஒன்பது வயதுக்கு மேல் ஒரு மார்மன் வீட்டுப் பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தால், அது 'புதிதாக மதம் மாறியவர்' கணக்கில் போகும்.

எத்தனை வருடம் கூட்டத்துக்கு வராவிட்டாலும் பெயர் நீங்காது. வேறு மதத்துக்குப் போனாலும், அவரே எழுதிக் கேட்காத வரை, பெரும்பாலும் நீங்காது. வீடு மாறி முகவரி தெரியாமல் போனவர்களின் பெயர் தலைமையகத்தில் தனியாக வைக்கப்பட்டிருக்கும். செத்துப்போனார் என்று தகவல் வராவிட்டால் அவருக்கு 110 வயது ஆகும் வரை அந்தப் பெயர் இருக்கும். இதைக் கேட்டதும் எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது. அப்புறம் எதிர் வீட்டுப் பெண்மணி, "காணாமல் போன பிள்ளையின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து அவ்வளவு சீக்கிரம் யார் அடிப்பார்கள்?" என்ற அர்த்தத்தில் சொன்னார். அவருடைய பார்வையில் அது நியாயம்.

அப்படியானால் உண்மையில் எத்தனை பேர் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை வருகை எவ்வளவு என்ற கணக்கை ஒவ்வொரு வார்டும் (ஒரு பகுதியின் சபை) எடுக்கிறது. உலக மொத்தத்தைச் சபை வெளியிடுவதில்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்கும் நாடுகளில் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சிலியில் 2002 கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 1.04 லட்சம் பேர் தங்களை மார்மன் என்று சொன்னார்கள். சபைப் பதிவேட்டில் அப்போது ஐந்து லட்சத்துக்கும் மேல். பிரேசிலில் 2010ல் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் சுமார் 2.26 லட்சம், பதிவேட்டில் பதினோரு லட்சத்துக்கும் மேல். குழந்தைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் இடைவெளி பெரிது.

காரணம் என்ன? லத்தீன் அமெரிக்காவில் ஞானஸ்நானம் வேகமாக நடந்தது, அதற்கு ஈடாகச் சபையில் வேரூன்ற வைப்பது நடக்கவில்லை. இரண்டு மூன்று வாரம் பாடம் கேட்டுத் தண்ணீரில் இறங்கியவர் அடுத்த மாதம் வரமாட்டார். சபைத் தலைமைக்கே இது கவலையானது. 2002ல், சபையின் உயர்மட்டத் தலைவர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்டைச் சிலியிலேயே குடியிருக்க அனுப்பினார்கள். அங்கே பல ஸ்டேக்குகள் (பல வார்டுகள் சேர்ந்த பிரிவுகள்) ஒன்றாக இணைக்கப்பட்டன.

இதற்கு முன்னோடியான கதை பிரிட்டனில் நடந்தது. 1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும், எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்ற அவசரத்தில், பேஸ்பால் விளையாட வந்த பையன்களை ஞானஸ்நானம் எடுக்க வைத்தார்கள். 'பேஸ்பால் ஞானஸ்நானம்' என்றே அதற்குப் பெயர். பல பையன்களுக்குத் தாங்கள் ஒரு மதத்தில் சேர்ந்தோம் என்பதே தெரியாது. மதத்தையும் பிள்ளைகளையும் ஒருசேர மரியாதை இல்லாமல் நடத்திய காலம் அது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் நிலைமை வேறு. பியூ ஆய்வு மையம் 2014ல் எடுத்த கணக்கில், தன்னை மார்மன் என்று சொல்லிக்கொள்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் மேல் வாராவாரம் போவதாகச் சொன்னார்கள். மற்ற பல கிறிஸ்தவப் பிரிவுகளைவிட இது மிக அதிகம். அங்கே போகாமல் போனவர்கள் பெரும்பாலும் 'நான் மார்மன்' என்று சொல்வதையும் விட்டுவிடுகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வார்டு, ஸ்டேக் என்றால் என்ன?

வார்டு என்பது ஒரு பகுதியின் சபை, தலைவர் பிஷப். சின்னதாக இருந்தால் கிளை என்பார்கள். பல வார்டுகள் சேர்ந்தது ஸ்டேக். எந்த வார்டுக்குப் போவது என்பதை உங்கள் வீட்டு முகவரி முடிவு செய்யும். பிஷப் பிடிக்கவில்லை என்று அடுத்த தெரு வார்டுக்கு மாற முடியாது. நம் ஊர் ரேஷன் கடை மாதிரி என்று நினைத்துக்கொண்டால் புரியும்.

'ஆக்டிவ்' என்ற வார்த்தையை அடிக்கடி சொல்கிறார்களே?

யூட்டாவில் யாரைப் பற்றிப் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் இந்த வார்த்தை வந்துவிடும். "அவங்க ஆக்டிவ்." "மூத்த பையன் ஆக்டிவ் இல்லை." முன்பு 'இன்ஆக்டிவ்' என்றார்கள். அது மனசைப் புண்படுத்துகிறது என்று இப்போது 'குறைவாக ஆக்டிவ்' என்கிறார்கள்.

அடிப்படையில் இது ஞாயிறு திருவிருந்துக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவதைக் குறிக்கும். முன்பு ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் இருந்தது. 2019 ஜனவரியிலிருந்து இரண்டு மணி நேரம். கூட்டத்தின் நடுநாயகம் திருவிருந்து. பதினாறு, பதினேழு வயதுப் பையன் மண்டியிட்டு ஜெபத்தை வாசிப்பான். ஒரு வார்த்தை தப்பினால் பிஷப் சாடை காட்டுவார், திரும்ப முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அப்புறம் பன்னிரண்டு வயதுப் பையன்கள், வெள்ளைச் சட்டையும் கொஞ்சம் பெரிசாகத் தொங்கும் டையுமாக, பிய்த்த ரொட்டித் துண்டு வைத்த தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். அடுத்து விரல்நுனி அளவுக் கோப்பைகளில் தண்ணீர். திராட்சை ரசம் கிடையாது.

அந்தத் தட்டு கைமாறும்போதுதான் ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு தடவை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞன் தட்டை வாங்கினான், எதையும் எடுக்காமல், தலையைக் குனிந்தபடியே அடுத்தவரிடம் நகர்த்தினான். அவன் அம்மா முன்னால் பார்த்துக்கொண்டே அவன் முழங்காலில் கையை வைத்து லேசாக அழுத்தினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் இருந்த பத்துப் பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. பிஷப்போடு ஏதோ பேசி முடிக்கும் வரை எடுக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருக்கலாம், அவனாகவே தகுதியில்லை என்று நினைத்திருக்கலாம். மூன்று நொடிதான் அந்தத் தட்டு அவன் கையில் இருந்தது. எனக்கு இன்றும் அது கண்ணில் நிற்கிறது.

நான் போனால் அந்த ரொட்டியை எடுக்கலாமா?

எடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். எடுக்காமல் நகர்த்தினாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் எடுத்ததில்லை.

'ஆலயப் பரிந்துரை' என்ற அட்டை என்ன?

மார்மன் பங்கேற்பைப் புரிந்துகொள்ள இந்த அட்டைதான் சாவி. ஞாயிறு கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஆலயம் வேறு. அது தனிக் கட்டடம், ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், பிரதிஷ்டை ஆனபின் பரிந்துரை அட்டை உள்ளவர்கள் மட்டுமே நுழையலாம். அங்கேதான் அவர்களுடைய மிக உயர்ந்த சடங்குகள் நடக்கின்றன: வாழ்நாள் உடன்படிக்கைகளை ஏற்கும் சடங்கு, கணவன் மனைவியை நித்தியத்துக்கும் இணைக்கும் முத்திரிப்பு, முன்னோர்களுக்காகச் செய்யும் ஞானஸ்நானம்.

அட்டை வாங்க இரண்டு நேர்காணல். முதலில் பிஷப் அல்லது அவருடைய ஆலோசகர், அப்புறம் ஸ்டேக் தலைமையிலிருந்து ஒருவர். இருவரும் ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். கடவுள் மேல் விசுவாசம் இருக்கிறதா, சபைத் தலைவரைத் தீர்க்கதரிசி என்று ஏற்கிறாயா, கற்பு நெறியைக் காக்கிறாயா, எல்லாக் காரியத்திலும் நேர்மையாக இருக்க முயல்கிறாயா, முழுத் தசமபாகம் கொடுக்கிறாயா, காபி, மது போன்றவற்றை விலக்கும் 'ஞான வார்த்தை'யைக் கடைப்பிடிக்கிறாயா. கடைசியில், நீ தகுதியுள்ளவன் என்று நீயே நினைக்கிறாயா. 2019 அக்டோபரில் ரஸல் நெல்சன் பொதுமாநாட்டு மேடையிலேயே எல்லாக் கேள்விகளையும் வாசித்துவிட்டார், அதனால் இதில் ரகசியம் எதுவும் இல்லை. அட்டை இரண்டு வருடம் செல்லும். முன்பு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒன்று. வருடக் கடைசியில் ஒவ்வொரு குடும்பமும் பிஷப் அறையில் உட்கார்ந்து, முழுசாகக் கொடுத்தோமா, கொஞ்சம் கொடுத்தோமா, கொடுக்கவில்லையா என்று சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டை யாரும் கேட்பதில்லை. வாய் வார்த்தைதான்.

இந்த நேர்காணல் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1856-57ல், ஜோசப் ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் காலத்தில், யூட்டாவில் 'சீர்திருத்தம்' என்ற ஒரு பெரும் அலை அடித்தது. வீடு வீடாகப் போய்க் களவு செய்தாயா, பொய் சொன்னாயா, குளிக்கிறாயா என்றுகூடக் கேட்டார்கள். பிறகு ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர்களுக்கே மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். உறுப்பினராக இருந்தால் போதாது, உறுப்பினராக வாழ்கிறாயா என்ற கேள்வி அங்கே அவ்வளவு பழையது.

காபி குடித்தால் சபையை விட்டு நீக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். ஆனால் ஆலய அட்டை கிடைக்காது. காபி, தேயிலைத் தேநீர், மது, புகையிலை நான்கும் விலக்கு. ஜோசப் ஸ்மித்தின் 1833 வெளிப்பாடு இதற்கு அடிப்படை. ஆனால் நெடுங்காலம் அது அறிவுரையாக மட்டுமே இருந்தது. ஹீபர் கிராண்ட் தலைவராக இருந்த 1920களில்தான் ஆலயத்துக்குப் போகக் கட்டாய நிபந்தனை ஆயிற்று. பச்சைத் தேநீரும் கூடாது, மூலிகைத் தேநீர் பரவாயில்லை. கோலா குடிக்கலாம். வீட்டுக்கு வருபவர்களுக்கு நான் சுக்கு, மல்லி போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுப்பேன், சந்தோஷமாகக் குடிப்பார்கள்.

மகன் கல்யாணத்துக்குப் பெற்றோரே போக முடியாது என்பது உண்மையா?

உண்மை. ஆலயத்துக்குள் நடக்கும் முத்திரிப்புக்கு அட்டை இல்லாத அம்மா அப்பா உள்ளே போக முடியாது. ஆலயத் தோட்டத்திலோ காத்திருப்பு அறையிலோ உட்கார்ந்திருந்து, மணமக்கள் வெளியே வந்ததும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? தாலி கட்டும் நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் மண்டபத்துக்கு வெளியே நிற்பது போல.

முன்பு அமெரிக்காவில், எல்லோர் முன்னும் சாதாரணக் கல்யாணம் செய்துகொண்டால் ஆலய முத்திரிப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பக்தியுள்ள பிள்ளைகள் அந்த ஒரு வருடத்தைத் தாங்க மாட்டார்கள், அதனால் பெற்றோர்தான் வெளியே நின்றார்கள். 2019 மே மாதம் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது காலையில் எல்லோர் முன்னும் கல்யாணம், அன்றைக்கே ஆலயம் என்று வைத்துக்கொள்ள வழி உண்டு. சபை செய்த மாற்றங்களில் நான் மிகவும் வரவேற்ற மாற்றம் இது.

'அழைப்பு' என்கிறார்களே, வேலையா?

சம்பளம் இல்லாத வேலை. வார்டில் முழுநேரப் பாதிரியார் கிடையாது. பிஷப் பகலில் பல் மருத்துவராகவோ குழாய் ரிப்பேர் செய்பவராகவோ இருப்பார், ஐந்து வருடம் போல அந்தப் பொறுப்பைப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிடுவார். பாலர் வகுப்பு நடத்துவது, பியானோ வாசிப்பது, பதிவேடு பார்ப்பது, எல்லாம் அழைப்புகள்தான். நீங்களாகக் கேட்டு வாங்குவதில்லை, கூப்பிட்டுக் கொடுப்பார்கள். கூட்டத்தில் பெயரை வாசித்ததும் எல்லோரும் வலது கையைத் தூக்கி ஆதரவு தெரிவிப்பார்கள்.

என்னைக் கேட்டால் மக்களைச் சபையோடு கட்டிப்போடுவது பிரசங்கத்தைவிட இந்த அழைப்புதான். நான் அங்கிருந்தபோது எனக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. நான்கு நாள் வீட்டுக்குச் சாப்பாடு வந்தது. யார் யார் எந்த நாள் என்று அட்டவணை போட்டு, சைவமா அசைவமா என்று கேட்டு அனுப்பியவர் எதிர் வீட்டுப் பெண்மணி. அது அப்போது அவருடைய அழைப்பு. நான் அவர்கள் சபையில் இல்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

பெண்களுக்கு என்ன இடம்?

ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம், ஆண்களுக்கு மட்டும். பையன்களுக்குப் பன்னிரண்டு வயதாகும் வருடம் முதல் படி, பதினெட்டில் மூப்பர் ஆகலாம். கறுப்பின ஆண்களுக்கு அதுவும் மறுக்கப்பட்டிருந்தது, 1978 ஜூனில்தான் அந்தத் தடை நீங்கியது. பெண்களுக்கு 1842ல் தொடங்கிய ஒத்தாசைச் சங்கம் உண்டு, வயது வந்த பெண்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். மிஷனரியாகப் போகலாம், பிரசங்கிக்கலாம், பிஷப் ஆக முடியாது. 2019 அக்டோபரிலிருந்து ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நிற்கலாம். பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேட் கெல்லி 2014 ஜூனில் சபையிலிருந்து நீக்கப்பட்டார்.

மிஷனுக்குப் போகாத பையனை ஒதுக்குவார்களா?

மிஷன் என்பது சபை அனுப்பும் இடத்துக்குப் போய் மதத்தைப் பரப்பும் ஊழியம். ஆண்களுக்கு இரண்டு வருடம், கடமை என்றே எதிர்பார்ப்பு. பெண்களுக்குப் பதினெட்டு மாதம், விருப்பம். போகாவிட்டால் உறுப்பினர் நிலை போகாது. ஆனால் யூட்டா ஊர்களில் "எங்கே மிஷன் போனாய்?" என்பது இளைஞர்களிடம் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி. பதில் இல்லாதவனுக்கு அது முள். பாதியில் திரும்பி வந்தவனுக்கு இன்னும் கஷ்டம். நெருங்கிப் பழகாத ஒருவரிடம் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள்.

'ஜேக் மார்மன்' என்றால்?

பெயரளவில் மார்மன், பீரும் காபியும் குடிப்பார், சபைக்குப் போகமாட்டார், ஆனால் சபையைத் திட்டினால் உங்களோடு சண்டைக்கு வருவார். யூட்டா, ஐடஹோ கிராமப்புறங்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. வேடிக்கை என்னவென்றால் 1840களில் இந்தச் சொல்லுக்கு நேர் எதிர் அர்த்தம்: மார்மன் அல்லாத, ஆனால் மார்மன்களுக்கு அனுதாபம் காட்டியவர்களை அவர்களுடைய எதிரிகள் அப்படி ஏசினார்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது: உடம்பு உள்ளே, மனசு வெளியே என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். ஞாயிறு வருவார்கள், அழைப்பையும் செய்வார்கள், நம்பிக்கை மட்டும் போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் முழு ஆக்டிவ்.

நம்பிக்கை போனபின் ஏன் அங்கேயே இருக்கிறார்கள்?

இதைக் கேட்பவர்களிடம் நான் கொஞ்சம் பொறுமையாகப் பேசுவேன். அப்படிப்பட்ட ஒருவரின் மனசில் ஓடுவது இது: மனைவி நம்புகிறாள், அவளோடு நித்தியத்துக்கும் முத்திரிக்கப்பட்டிருக்கிறேன், நான் விலகினால் அவளுடைய மறுமையையும் உடைக்கிறேன் என்று அவள் நினைப்பாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது. பிள்ளையின் ஞானஸ்நானம் அடுத்த மாதம், அப்பாவே முக்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுகிறது. இவைதான் உண்மையான காரணங்கள்.

வேலை, படிப்புச் சிக்கலும் உண்டு. சபையிடம் வேலை பார்க்கும் உறுப்பினர்கள் ஆலயத் தகுதியோடு இருக்க வேண்டும். சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் வருடாவருடம் மதத் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். மற்ற மதத்து மாணவர்கள் அங்கே படிக்கலாம். ஆனால் மார்மனாகச் சேர்ந்த மாணவர் நடுவில் சபையை விட்டு விலகினால் படிப்பைத் தொடர முடியாது. பத்தொன்பது வயதில் சந்தேகம் வருவது இயல்பு. அதற்குப் பட்டத்தையே பணயம் வைக்கச் சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன், அங்கிருந்தபோதும் சொல்லியிருக்கிறேன்.

ஒருவரை நீக்குவது எப்படி நடக்கும்?

பெரிய தவறுகளுக்கு 'உறுப்பினர் ஆலோசனைக் குழு' கூடும். 2020ல் சபைக் கையேட்டின் சொற்களையே மாற்றினார்கள். 'நீக்கம்' இப்போது 'உறுப்பினர் நிலையைத் திரும்பப் பெறுதல்'. அதற்குக் கீழே 'கட்டுப்பாடு' என்று ஒரு நிலை, அதில் உறுப்பினராகவே இருப்பார், திருவிருந்து எடுக்க முடியாது, கூட்டத்தில் பேசவோ ஜெபிக்கவோ முடியாது. நீக்கப்பட்டவரும் கூட்டத்துக்கு வரலாம், வரச் சொல்வார்கள். ஒரு காலம் கழித்து மறு ஞானஸ்நானம் எடுத்துத் திரும்பலாம்.

தானாக விலக முடியுமா?

முடியும். பிஷப்பிடமோ தலைமையகத்தின் பதிவேட்டுப் பிரிவிலோ எழுத்து மூலம் கேட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். இது எப்போதும் இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. விலகுகிறேன் என்று எழுதியவரையும் விசாரித்து நீக்கும் வழக்கம் இருந்தது. 1985ல் அரிசோனாவில் அப்படி நீக்கப்பட்ட ஒருவர், நான்தான் முன்பே விலகிவிட்டேனே என்று சபை மேல் வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. பிறகு, கேட்டால் பெயரை எடுப்பது என்ற முறை வந்தது.

கூட்டமாக விலகியதும் உண்டு. ஒரே பாலின இணையரின் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை ஞானஸ்நானம் இல்லை என்று 2015 நவம்பரில் ஒரு விதி வந்தபோது, சால்ட் லேக் சிட்டியில் பலர் கடிதத்தோடு வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரலில் அந்த விதியைச் சபையே திரும்பப் பெற்றது. போனவர்களில் பலர் திரும்பவில்லை.

செத்தவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார்களாமே, அவர்களும் அந்த எண்ணிக்கையில் வருவார்களா?

வரமாட்டார்கள். முன்னோரின் பெயரில் உயிரோடு இருப்பவர் ஆலயத் தொட்டியில் முங்கி எழுவார். மறுமையில் அந்த ஆத்மா ஏற்கலாம், மறுக்கலாம் என்பது நம்பிக்கை. உறுப்பினர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் இருக்கிறார்களா?

சென்னை, கோயம்புத்தூரில் சபைக்கூடல்கள் உண்டு. சின்னவைதான். பெங்களூருவில் இந்தியாவின் முதல் ஆலயத்தை 2018 ஏப்ரலில் அறிவித்து, 2020 டிசம்பரில் அடிக்கல் போட்டார்கள். நாட்டுக்குள் ஆலயம் இல்லாத காலத்தில் முத்திரிப்புக்காக நம்மூர் உறுப்பினர்கள் கடன் வாங்கியாவது வெளிநாடு போக வேண்டும். ஆலய அட்டை கையில் இருந்தும் ஆலயத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள் இங்கே உண்டு. யூட்டாவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் அப்படியே அமைதியாகிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் "நீங்கள் ஆக்டிவா?" என்று கேட்கலாமா?

வேண்டாம். அவர்களே ஒருவரையொருவர் நேராகக் கேட்டுக்கொள்வது குறைவு. பழகப் பழகத் தெரிந்துவிடும். எங்கள் இடது பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாசலில் நின்று கை காட்டுவார். கார் திரும்பும் வரை நிற்பார். அப்புறம் புல்வெட்டும் இயந்திரத்தை எடுக்கப் போவார், ஆனால் கூட்டம் முடிந்து தெருவில் கார்கள் திரும்பிய பிறகுதான் அதை ஓட்ட ஆரம்பிப்பார். அக்கம்பக்கத்தார் மனசு சங்கடப்படக் கூடாதே என்று. ஏழு வருடத்தில் நான் அவரிடம் காரணம் கேட்டதில்லை. மதியம் அவர் மனைவி வீட்டில் சுட்ட ரொட்டியோடு வருவார், அதை வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டுவது அந்தக் கணவர்தான்.